பாப்பாயி காட்டுப் பிஸ்மத்

பாப்பாயிக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தபோது வயது நாற்பத்து நான்கு. உத்தியோகம் என்றதும் நாற்காலி, மேஜை, தலைக்கு மேல் காற்றாடி என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். கல் சுமக்கிற வேலை. அதுவும் தற்காலிகம், தினக்கூலி. கனிமம் தேடுகிற ஆபீஸ் ஒன்று வாசலூர்பட்டிக்கு மேலே கூடாரம் போட்டு, கொல்லிமலையில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவதாகக் கிளம்பியிருந்தது. மலையில் குடியிருக்கிறவர்களைக் கேட்டிருந்தால் மிளகு, காப்பி, பலா, அன்னாசி, அட்டைப்பூச்சி என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்கள். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டால் ஜீப்புக்கு டீசல் போட முடியாதே.

அந்த ஆபீஸின் பாறை நிபுணர் சுரேந்தர் சார் சுத்தியலால் பாறையை உடைப்பார். உடைத்த சில்லைப் பாப்பாயி துணிப்பையில் போட்டு, பையின் மேல் நம்பர் எழுதி, வாயைக் கட்டி, கூடாரத்துக்குச் சுமந்து வரவேண்டும். அங்கிருந்து அது வேன் ஏறி எங்கோ இருக்கிற லேபுக்குப் போகும். லேபில் கல்லை மாவாக அரைத்து, ஆசிடில் கரைத்து மெஷினுக்குக் கொடுத்தால், அதில் என்னென்ன உலோகம், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று மெஷின் சொல்லிவிடும். இவ்வளவு பெரிய விஞ்ஞானத்துக்கு மலையிலிருந்து தேவைப்பட்டது சுமக்க ஒரு தலை மட்டும்தான். அதற்குப் பாப்பாயியின் தலை சரியாகப் பொருந்தியது.

புளியஞ்சோலைக்கு மேலே காட்டோரத்து ஊரில் பிறந்து, எட்டாவது வரை படித்து, பழனிமுத்துவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள் அவள். பழனிமுத்து தங்கமான மனிதர். குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார், வேலையும் செய்ய மாட்டார். கல்யாணமான புதிதில் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போனவர் மூன்றாம் மாதமே இடுப்பு வலியோடு திரும்பினார். இருபது வருஷமாகியும் அந்த வலிக்கு அவர் இடுப்பை விட்டுப் போக மனம் வரவில்லை. அவருடைய அப்பன் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் காட்டை ஆளாக்கியது பாப்பாயிதான். சில்வர் ஓக் கன்று நட்டு, ஒவ்வொன்றின் காலடியிலும் மிளகுக் கொடி வைத்து, முதல் இரண்டு கோடையும் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்றினாள். நூற்று நாற்பது மரம். கொடிகளுக்கு இப்போது பதினொரு வயது. மகள் இளமதியை நாமக்கல்லில் நர்சிங் படிக்க வைப்பது அந்தக் கொடிகள்தான். பழனிமுத்து அவற்றின் நிழலில் படுத்து மேற்பார்வை பார்ப்பார்.

கல் சுமக்க வருவதற்கு முன்பு அவள் சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்றவள். அங்கே பழம் விற்கிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பேர் பழமும் ஒரே லாரியில் கீழே மண்டிக்குப் போகும். எது யாருடையது என்று அடையாளம் வேண்டும். சுண்ணாம்பு மழையில் கரைந்துவிடும், கரி அழிந்துவிடும், பேனா பலா முள்ளில் ஏறவே ஏறாது. நகப்பாலீஷ் ஒன்றுதான் நிற்கும். காம்புப் பக்கம் ஒரு எழுத்து: சென்னம்மாளுக்குச் 'செ', பாப்பாயிக்குப் 'பா'. அந்தப் பெண்களில் ஒருத்திகூடத் தன் நகத்தில் பாலீஷ் தடவிப் பார்த்ததில்லை. பழங்கள்தான் சிங்காரித்துக்கொண்டு மலையிறங்கின.

கோடை முழுக்கக் கல் வேலை ஒழுங்காகவே நடந்தது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் வந்தது வினை. கொல்லிமலை மழைக்கு அரசாங்க மார்க்கர் பேனா என்றெல்லாம் மரியாதை கிடையாது. பையில் எழுதிய நம்பர் எல்லாம் ஒழுகி, அறுபது பையும் ஒரே நீலமாக லேபுக்குப் போய்ச் சேர்ந்தது. எது எந்தக் கல் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து அனுப்பு என்று அங்கிருந்து காட்டமாக மெயில் வந்தது. வாங்கிய திட்டைச் சுரேந்தர் சார் பாதியைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பாப்பாயியிடம் அப்படியே இறக்கி வைத்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை அவள். மறுநாள் சோளக்காட்டு ஃபேன்சி ஸ்டோரில் நகப்பாலீஷ் நாலு சீசா வாங்கினாள். ஈரக் கல்லிலும் பளிச்சென்று தெரியட்டும் என்று முத்துப் போல மினுங்குகிற ரோஸ் நிறமாகப் பார்த்து எடுத்தாள். அன்றிலிருந்து பையில் இல்லை, கல்லின் மேலேயே நம்பர். அக்கம்பக்கத்துக் காட்டுக் கற்களுக்கு ஒரு பூச்சு. தன் காட்டுக் கற்களுக்கு மட்டும் இரண்டு பூச்சு, பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு 'பா'. நம் சரக்கு நாலு பேர் சரக்கோடு கலந்து போகிறது, அடையாளம் தடித்து இருப்பதுதானே நல்லது. சுரேந்தர் சார் அந்தக் கற்களைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆபீஸில் பட்டம் வாங்கினவர்களுக்கு இந்த மூளை இல்லையே என்று பாராட்டினார். அவள் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மார்கழியில் முடிவு வந்தது. சுரேந்தர் சார் கையில் மைசூர்பாகு டப்பாவோடு பாப்பாயி வீட்டுக்கே வந்துவிட்டார்.

இந்த மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கெட்டவர் இல்லை. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் அவர் தோண்டின இடத்தில் எல்லாம் மண் மட்டுமே கிடைத்தது. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு நிலக்கரி, ஆளுக்கொரு சுண்ணாம்புக்கல் என்று பேர் வாங்கி மேலே போய்விட, இவர் மட்டும் "குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை" என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு பெரிய எண்ணைக் காட்டினால் என்ன ஆகும்?

"பாப்பாயிம்மா, உங்க காட்டுல பிஸ்மத் இருக்கு. பிஸ்மத் இருந்தா தங்கம் இருக்கும்" என்றார்.

பிறகு மைசூர்பாகு தீரும் வரைக்கும் பாடம் நடந்தது. பிஸ்மத் என்பது ஈயத்தின் பக்கத்து வீட்டுக்காரன், வெள்ளி மாதிரி வெளுப்பு, உற்றுப் பார்த்தால் லேசாகச் சிவப்பு ஓடும். தனியாகக் கிடைப்பது அபூர்வம். கந்தகத்தோடு சேர்ந்தால் பிஸ்மத்தினைட் என்று ஊசி ஊசியாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். டெல்லூரியத்தோடு சேர்ந்தால் தகடு தகடாக உரியும், அதற்குப் பேர் டெட்ராடைமைட். பூமிக்கடியில் கொதிக்கிற தண்ணீர் பாறை வெடிப்பில் ஏறி ஆறும்போது குவார்ட்ஸ் என்கிற வெங்கச்சங்கல் வெள்ளையாகப் படிகிறது. மற்றதெல்லாம் கட்டியான பிறகும் பிஸ்மத் மட்டும் உருகிய சொட்டாகவே நிற்கும், இருநூற்று எழுபது டிகிரிச் சூடு அதற்குப் போதும். அந்தச் சொட்டு சும்மா நிற்காது, சுற்றி ஓடுகிற தண்ணீரில் கரைந்திருக்கிற தங்கத்தை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பிஸ்மத்தைக் கண்டால் தங்கம் தேடுகிறவர்கள் விடமாட்டார்கள்.

பாப்பாயிக்கு நன்றாகவே புரிந்தது. கையில் ஒரு பழம் இல்லாமல் இளித்துப் பேசியே ஊர்ப் பழத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற மண்டித் தரகர் இருவரை அவளுக்குப் பழக்கம்.

அவள் காட்டுப் பாறையில் மஞ்சளாக ஏதோ படிந்திருப்பதையும் சார் படம் எடுத்து வைத்திருந்தார். பிஸ்மத் வெயிலிலும் மழையிலும் சிதைந்தால் இப்படித்தான் மஞ்சள் மாவாகப் பூக்குமாம். அது வருஷா வருஷம் மழைக்குப் பிடிக்கிற பாசி என்று சொல்லி அவள் நகத்தால் சுரண்டியும் காட்டினாள். அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, "பிஸ்மத் சிதைவாக இருக்கலாம்" என்று எழுதிக்கொண்டார். அரசாங்கக் கோப்பில் "இருக்கலாம்" என்று ஒரு முறை ஏறிவிட்டால் அப்புறம் அது இருந்தே தீரவேண்டும்.

கடைசியில்தான் வரைபடத்தை விரித்தார். அவள் காட்டின் நடுவே சிவப்பில் ஒரு வட்டம். மெஷின் வந்து துளை போடவேண்டும், அதற்கு முன்னால் குறுக்காக இரண்டு பள்ளம் வெட்டவேண்டும். நூற்றுப் பத்து மரம் போகும். மரத்துக்கு இழப்பீடு உண்டு. கொடிக்கு என்று அவள் கேட்டாள். அவர் அட்டவணையை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, மிளகுக் கொடி அதில் இல்லை என்றார். மெஷின் தை கடைசியில் வந்துவிடும். மாசியில்தானே மிளகு பழுக்கும், பறித்த பிறகாவது வரக் கூடாதா என்று கேட்டாள். மெஷின் பல மாநிலத்துக்குப் பொது, அதன் தேதியை மிளகைக் கேட்டு வைக்க முடியாது என்றார். அவர் போன பிறகு பாப்பாயி வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இரண்டு கோடை இடுப்பில் சுமந்த குடங்களை எந்த அட்டவணையில் போய்த் தேடுவது?

வீட்டில் இன்னொரு ஜீவன் ஆனந்தத்தில் மிதந்தது. பழனிமுத்துவின் இடுப்பு வலி ஒரே நாளில் மாயமாய் மறைந்தது. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோளக்காட்டுக்குப் போவார், டீக்கடையில் உட்கார்ந்து பூமிக்கடியில் சொட்டு எப்படித் தங்கத்தை இழுக்கும் என்று விளக்குவார், மதியம் திரும்புவார். சுரங்கம் வந்தால் தனக்கு மேனேஜர் வேலை கட்டாயம் உண்டு என்று அவரே முடிவு செய்துவிட்டார். ஊரும் சளைத்ததில்லை. மழைக்கு ஒதுங்கக்கூட வராத சென்னம்மாள் தினமும் வந்து "ஏம் பாப்பாயி, உம்பட காட்டு வரப்பத் தாண்டி எங்க பக்கமும் அது ஓடுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பாப்பாயி ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். தங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு மிளகுக்கு அழுகிறாள், இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊர் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

பொங்கல் லீவுக்கு இளமதி வந்திருந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். மக்கள் அச்சப்படக் கூடாது, விஞ்ஞானத்தை அவர்களுக்கு எளிமையாகச் சொல்லவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சுரேந்தர் சார் ஆபீஸிலிருந்து அசல் பிஸ்மத்தினைட் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வேறு ஏதோ மாநிலத்தில் எடுத்தது. சாம்பல் நிறம், ஊசி ஊசியாக. நகத்தளவு உடைத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு, ஆசிட் விட்டுச் சூடு காட்டினார். புகை வந்தது, கல் கரைந்தது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அதில் உப்பு ஒரு கை போடச் சொன்னார். முன்வரிசையில் இருந்த பாப்பாயிதான் ஓடிப்போய்ச் சத்துணவுக் கூடத்திலிருந்து உப்பு வாங்கிவந்து போட்டாள்.

கரைசலை அந்தத் தண்ணீரில் ஊற்றியதும் பால் போல் வெண்மையாகத் திரண்டது. சார் கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றினார். திரண்டது பட்டுப் போல நெளிந்து, வெயிலில் மினுங்கியது. பிஸ்மத்தைத் தவிர வேறெதுவும் இப்படி மினுங்காது, இதுதான் சாட்சி என்றார். கூட்டம் கைதட்டியது. பழனிமுத்து எழுந்து நின்று தட்டினார்.

பாப்பாயி தட்டவில்லை. டம்ளரையே முறைத்துக்கொண்டிருந்தாள். இந்த மினுக்கை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கேயோ என்ன, இரண்டு மாதம் தினமும் தன் கையால் குலுக்கிக் குலுக்கிப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த சீசாவை எடுத்துக் குலுக்கி வெயிலில் பிடித்தாள். உள்ளே அதே நெளிவு, அதே பட்டு. அட்டைப்பெட்டியை மகளிடம் நீட்டி, பொடி இங்கிலீஷ் எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒன்று விடாமல் படிக்கச் சொன்னாள். வாயில் நுழையாத பத்துப் பதினைந்து பேரைப் படித்துக்கொண்டே வந்த இளமதி, கடைசிக்கு முந்தைய பேரில் நின்றாள்.

"பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடுன்னு போட்டிருக்கும்மா."

செல்போனில் தேடிப் பார்த்தாள். பிஸ்மத்தும் உப்பிலிருக்கிற குளோரினும் சேர்ந்தால் வருகிற முத்து நிறப் பொடி. காலங்காலமாக முகத்துக்கும் நகத்துக்கும் மினுக்குக் கொடுப்பது. மைதானத்து டம்ளரில் சார் செய்து காட்டியது அதேதான்.

"அப்ப நம்ம காட்டுல அவங்க கண்டுபுடிச்சது இந்தச் சீசாவுல இருந்து போனதா கண்ணு?"

"கல்லோட சேத்து நீ எழுதுன நம்பரையும் அரைச்சிருக்காங்கம்மா. பத்து லட்சத்துல ஒரு பங்கு இருந்தாலே அந்த மெஷின் கத்தும். நீ ரெண்டு பூச்சு வேற பூசியிருக்க."

பாப்பாயிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மரங்கள் ஞாபகம் வந்தது. நூற்றுப் பத்து மரத்தை வெட்டப்போவது அரசாங்கமும் இல்லை, தங்கமும் இல்லை. தன் கையால் தடவின பாலீஷ். அதுவும் தன் காடு என்கிற கொழுப்பில் தடவின இரண்டாவது பூச்சு. தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே கூடாரத்துக்குப் போய்ச் சுரேந்தர் சாரிடம் சீசாவையும் பெட்டியையும் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். பெட்டியைப் படித்தார். சிரிப்பு நின்றது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இதெல்லாம் துளியூண்டு சமாசாரம், லேபில் கல்லைக் கழுவித்தான் அரைப்பார்கள் என்றார். கழுவினால் போகாது என்றுதானே சார் இதை வாங்கினேன் என்றாள் அவள். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவருடைய கட்டுரை மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்டிருந்தது. தலைப்பில் கொல்லிமலையும் பிஸ்மத்தும் அவர் பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

"மெஷின் கெளம்பிடுச்சு பாப்பாயிம்மா. இனிமே நான் சொன்னாலும் நிக்காது" என்றார்.

நிற்காதாமே. பாப்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வரைக்கும் தனக்குத்தானே திட்டிக்கொண்டே நடந்தாள். வாய் திட்டிக்கொண்டிருக்க, மூளை வேறு கணக்குப் போட்டது. மெஷின் வருவதற்கு முன் கடைசியாக ஒரு வேன் கல் லேபுக்குப் போகவேண்டும். நம்பர் போடுகிறவள் அவள்தானே.

சோளக்காட்டு ரோட்டோரத்தில் தார் போடுவதற்காகக் கீழ்நாட்டிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய ஜல்லி மலைபோலக் கிடந்தது. அதில் ஒரு பொடிக் கல்லை எடுத்து, இரண்டு பூச்சில் அறுபத்தொன்று என்று எழுதினாள். அதே குவியலில் இன்னொரு கல், அதற்குப் பாலீஷ் கிடையாது. அறுபத்திரண்டு என்று ஒரு பிளாஸ்டிக் துண்டில் ஆணியால் கீறிப் பைக்குள் போட்டாள். மூன்றாவது, தன் காட்டில் சிவப்பு வட்டத்துக்கு நட்டநடுவே இருந்த வெங்கச்சங்கல்லிலிருந்து ஒரு சில்லு. அதற்கும் பாலீஷ் இல்லை, அறுபத்துமூன்று என்று பிளாஸ்டிக் துண்டு மட்டும். மூன்றையும் கும்பலோடு கும்பலாக வேனில் ஏற்றிவிட்டாள். அரசாங்கக் கல்லில் கள்ளக் கல் சேர்க்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வார்த்தை தெரிந்தாலும் வேலை போகும், போலீஸ் வரும். ஆனாலும் மரத்தை நினைத்து வேன் கதவை அவளே சாத்தினாள்.

தை இருபத்தைந்தாம் தேதி காரவள்ளி அடிவாரத்துக்கு மெஷின் வந்து சேர்ந்தது. அவ்வளவு நீள லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்பாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. கழற்றிப் பகுதி பகுதியாக ஏற்றலாமா என்று இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. மரம் அறுக்கிற ஆட்கள் பாப்பாயி காட்டில் நூற்றுப் பத்து மரத்துக்கும் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டார்கள். கொடிகளில் மிளகு பச்சையாகத் தொங்கியது. அவள் சோறு தின்னவில்லை.

மூன்றாம் நாள் காலை ஜீப் வந்தது. சுரேந்தர் சாரோடு பெரிய அதிகாரி ஜெயசுதா மேடம் இறங்கினார். மெஷினைப் பார்க்க வந்தவர், புது முடிவைக் கேள்விப்பட்டு மேலேயே வந்துவிட்டாராம். சாரின் முகத்தில் அப்படியொரு பிரகாசம். கடைசி வேனில் போன கல்லில் ஒன்று இதுவரைக்கும் வந்த எல்லா எண்ணையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"அறுபத்தொண்ணு எங்க எடுத்தது பாப்பாயிம்மா? அந்த இடத்தக் காட்டுங்க. முதல் துளை அங்கதான்" என்றார்.

பாப்பாயி மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சோளக்காட்டு ரோட்டோரம் ஜல்லிக் குமியில எடுத்தேனுங்க. கீழ இருந்து லாரியில வந்த கல்லுங்க அது. அதே குமியில எடுத்ததுதானுங்க அறுவத்திரெண்டு. அறுவத்திமூணு எங்காட்டுக் கல்லு. அதுக ரெண்டுலயும் என்ன வந்திருக்குன்னு பாருங்க."

மேடம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அறுபத்திரண்டில் ஒன்றுமில்லை. அறுபத்துமூன்றில் ஒன்றுமில்லை. இரண்டு வரியும் அறுபத்தொன்றின் காலடியிலேயே இருந்தன. பெரிய எண்ணின் பளபளப்பில் சார் அந்த வரிகளுக்கு இறங்கவே இல்லை. பாப்பாயி சீசாவை ஜீப்பின் பானெட் மேல் வைத்தாள், பக்கத்தில் பெட்டியை வைத்தாள். பலாப்பழத்தில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள். மேடம் சீசாவைப் பார்த்தார், பிறகு காகிதத்தைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தார். நகத்தில் முத்துப் போல மினுங்கும் ரோஸ். காகிதத்தை மெதுவாக இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டார்.

கெட்டிக்காரப் பெண்மணிதான், சும்மா சொல்லக் கூடாது. மெஷினை அடிவாரத்திலேயே நிறுத்தச் சொன்னார். நகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுநாள் அவரே சுத்தியல் பிடித்து, அவள் காட்டில் இருபது இடத்தில் கல் உடைத்தார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இருபதிலும் ஒன்றுமில்லை. காரவள்ளியில் நின்ற மெஷின் வந்த வழியே திரும்பிப் போனது.

ஊர் விடுமா? வந்த தங்கத்தை வாயால் ஊதித் துரத்தினவள் என்று சென்னம்மாள் காறித் துப்பினாள். பழனிமுத்துவின் இடுப்பு வலி பழையபடி திரும்பி வந்தது. வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தவர், பொண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கோப்பு ஒன்றைத் திறப்பது சுலபம், மூடுவதற்குத்தான் காரணம் வேண்டும். மாசி பாதியில் சுரேந்தர் சார் தனியாக வந்தார். கையில் ஒரு காகிதம், கூடவே கைநாட்டு மை டப்பா. இளமதி லீவு முடிந்து போய்விட்டதால் பாப்பாயியே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "படிப்பறிவற்ற உள்ளூர்த் தொழிலாளி, மேற்பார்வையாளரின் அனுமதியின்றி, தன் அறியாமையால் மாதிரிகளை மாசுபடுத்தியதே பிழைக்குக் காரணம். அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். இதனை அவர் ஒப்புக்கொள்கிறார்."

அனுமதியில்லாமலா? இந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினவர்களுக்கு இந்த மூளை இல்லையே என்று பாராட்டியது யார்? அவளுக்கு நெஞ்சு கொதித்தது. முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா" என்றார்.

பாப்பாயி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நரைத்த தலை, அழுக்கு ஷூ, கையில் அடுத்தவள் தலையில் கட்டுவதற்கு ஒரு காகிதம். எரிச்சலோடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பாவம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை என்பது வேறு விஷயம்.

"எம்மேல என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க சார், நான் போட்டுத் தாரேன். ஆனா எனக்கும் ஒரு காயிதம் வேணும். எம்பட காட்டுல ஒண்ணுமே இல்லைன்னு, சர்வே நம்பர் போட்டு, மேடம் கையெழுத்தும் சீலும் வெச்சுக் குடுங்க. அது வந்தாத்தான் இது."

அப்படி ஒரு படிவமே ஆபீஸில் கிடையாது என்றார் அவர். இருக்கிறது என்று சான்று கொடுப்பதுதான் வழக்கம், இல்லை என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. அப்படியானால் கேட்கிற முதல் ஆள் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள் மை டப்பாவை மூடிக் கையில் கொடுத்தாள். பத்து நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். தலைப்பில் முத்திரை, கீழே பச்சை மையில் மேடத்தின் கையெழுத்து. நடுவே அவள் காட்டின் சர்வே நம்பரைப் போட்டு, "மேற்படி நிலத்தில் பொருளாதார முக்கியத்துவம் வாய்ந்த எதுவும் இல்லை. மேலும் ஆய்வு தேவையில்லை" என்று அச்சடித்திருந்தது. பாப்பாயி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு சார் நீட்டிய மை டப்பாவை ஒதுக்கிவிட்டுப் பேனாவை வாங்கி, படிப்பறிவற்ற தொழிலாளி என்று போட்டிருந்த இடத்துக்கு நேர் கீழே, தன் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மிளகு பறிப்பு. சிவப்புக் கோடு போட்ட மரத்தில் ஏணியைச் சாத்தி அவள் மேலே ஏறியபோது, பழனிமுத்து ஒரு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார். நிழலில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலயும் போச்சு, ஊர்ப் பேச்சும் வாங்கியாச்சு. கடைசியில ஒண்ணுமில்லைன்னு எழுதி வாங்கியிருக்கியே, இத வெச்சுட்டு என்ன பண்ணுவ?"

பாப்பாயி கொத்தைக் கிள்ளி இடுப்புக் கூடையில் போட்டாள்.

"பத்தரமா எடுத்து வெய்யுங்க. இனி எவன் எந்த மெஷினக் கொண்டாந்தாலும் அதக் காட்டித்தான் தொரத்தோணும். ஒண்ணுமில்லைன்னு சர்க்காரே எழுதிக் குடுத்த காடு இந்த மலையிலயே நம்முளுது ஒண்ணுதான்."